கதவைத் தட்டக் கூடாத அறை

நான் வேலை பார்த்தது ஒரு வெளிநாட்டின் துணைத் தூதரகத்தில். எந்த நாடு என்று எழுதப் போவதில்லை. எழுதினால் அந்த ஒரு நாடு மட்டும் திட்டு வாங்கும், மற்றவை நல்ல பெயரோடு தப்பித்துக்கொள்ளும். பெங்களூரின் நடுவில், தூங்குமூஞ்சி மரங்கள் கூரை போட்ட ஒரு தெருவில், பழைய பங்களா ஒன்றில் அது இருந்தது. காலையில் ஈஜிபுராவிலிருந்து பஸ் பிடித்துப் போவேன். விசா கேட்டு வருகிறவர்களில் ஆங்கிலம் வராதவர்களுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் மொழிபெயர்ப்பது என் வேலை. மகளின் பிரசவத்துக்குப் போகும் அம்மாக்கள், இயந்திரம் வாங்கப் போகும் சிறு முதலாளிகள் இப்படி. மதியத்துக்கு மேல், தூதரகம் வெளியிடும் அறிக்கைகளை இரண்டு மொழிகளிலும் எழுதிக் கொடுப்பேன்.

குழந்தை பிறந்து விடுப்பு முடிந்து நான் திரும்பிய வாரத்தில்தான் அந்த அறை தயாரானது. அதற்கு முன் அது காகிதக்கட்டுகளும் உடைந்த நாற்காலிகளும் அடைந்து கிடந்த ஸ்டோர் ரூம். அவர்களுடைய தலைமையகத்திலிருந்து, பால் கொடுக்கும் தாய்மாருக்கு எல்லா அலுவலகங்களிலும் ஓர் அறை வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. துணைத் தூதர் அதை மிகவும் மனத்தில் எடுத்துக்கொண்டார். சாய்வு நாற்காலி, சின்ன ஃபிரிட்ஜ், வெளியே பேச ஒரு தொலைபேசி, உள்ளிருந்து மட்டும் போடக்கூடிய தாழ்ப்பாள். கதவில் ஓர் அறிவிப்பு. அதைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதியது நான். உள்ளே இருப்பவரை வெளியே வரும்படி கேட்கக் கூடாது, கதவைத் தட்டக் கூடாது, எவ்வளவு நேரம் ஆகும் என்று விசாரிக்கக் கூடாது, தாய்க்கு உதவியாக ஒருவர் உடன் இருக்கலாம். துணைத் தூதர் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துத் தலைமையகத்துக்கு அனுப்பினார்.

பால் கொடுக்கும் தாய் அந்த அலுவலகத்தில் நான் ஒருத்திதான். மதியம் ஒருமுறை உள்ளே போய், பால் இழுக்கும் பம்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வருவேன். அந்தச் சலுகையே எனக்குக் கூச்சமாக இருந்தது. மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பாதியில் எழுந்து வந்த நாட்கள் உண்டு. நான் அப்படிப்பட்டவள். படியிறங்கிய பிறகு கேஸை அணைத்தேனா என்று மறுபடி ஏறிப் போய்ப் பார்க்கிறவள். அணைத்திருப்பேன். ஆனாலும் போவேன்.

அந்தச் சமயத்தில் தொலைவில் ஒரு நாட்டில் ஜனங்கள் தெருவுக்கு வந்திருந்தார்கள், அரசாங்கம் சுட்டுக்கொண்டிருந்தது. எங்கள் தூதரகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆழ்ந்த கவலை கொள்கிறோம், மனித உரிமைகளுக்காக நிற்பவர்களின் பக்கம் நிற்கிறோம் என்று இருந்தது. வழக்கம்போல மொழிபெயர்த்தேன், ஒற்றுப்பிழை பார்த்தேன், அனுப்பினேன். பிறகு மறந்துவிட்டேன். அந்த வாசகத்தை நம்பி ஒருத்தி கிளம்பி வருவாள் என்று எனக்குத் தோன்றவில்லை. எழுதியவர்களுக்கும் தோன்றியிருக்காது.

அவள் முறைப்படி விசா நேர்காணலுக்கு நேரம் வாங்கித்தான் வந்தாள். இங்கே ஒரு கல்லூரியில் பிசியோதெரபி படிக்கிற பெண். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து எங்கள் அறிக்கையின் ஆங்கிலப் பிரதியை எடுத்து வைத்தாள். தனக்கு விசா வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். இன்று மாலை தன்னை இந்தக் கேட்டுக்கு வெளியே அனுப்பாமல் இருந்தால் போதும் என்றாள்.

அவளுடைய அண்ணன் பள்ளிக்கூட வாத்தியார். தெருவுக்கு வந்தவர்களில் ஒருவர். அழாமல் புதைப்பதாக எழுதி வாங்கிக்கொண்டுதான் உடலைக் கொடுத்தார்களாம். இங்கே பெங்களூரில் அவள் நாட்டு மாணவர்கள் சிலர் ஒரு பூங்கா வாசலில் கூடியபோது, அண்ணனின் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். யாரோ அதைப் படம் பிடித்தார்கள். கொஞ்ச நாளில் தில்லியிலுள்ள அவளுடைய நாட்டுத் தூதரகம், பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டும், அனுப்பு என்றது. அனுப்பினாள். அதன் பிறகு இரண்டு ஆட்கள் பெங்களூருக்கே வந்துவிட்டார்கள். பாஸ்போர்ட் எங்களிடம் இருக்கிறது, உன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, டிக்கெட்டும் போட்டாயிற்று, வா என்றார்கள். அம்மா பக்கத்து வீட்டுப் போனிலிருந்து ஒரே ஒரு சொல்தான் சொன்னாளாம்: வராதே. இதே மாதிரி டிக்கெட்டில் முந்தின மாதம் ஊருக்குப் போன சக மாணவி இப்போது சிறையில் இருக்கிறாள்.

அந்த இரண்டு பேரும் விடுதியிலிருந்து பின்தொடர்ந்து வந்து, எதிர்ப்புறம் இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு வாடகைக் காரில் உட்கார்ந்திருந்தார்கள். நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஒருவர் இளநீர் குடித்துவிட்டு வழுக்கையைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தார். அவசரமே இல்லை அவருக்கு.

ஜன்னல் அதிகாரி அவளைக் காத்திருக்கச் சொன்னார். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். எங்கள் இடத்தில் வருகிறவர்களின் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுப்பார்கள். சாயங்காலம் செக்யூரிட்டி அண்ணன் மேலே வந்தார். திருப்பத்தூர்க்காரர், ஆஸ்டின் டவுனில் குடியிருக்கிறார்.

"ஒரு போன் பாக்கி கீது மேடம். அந்தப் பொண்ணுதுதான். அடிச்சிக்கினே கீது. எடுத்து அணைக்கவும் பயம், வெச்சிக்கவும் பயம். அது போனாதான நான் கேட்டப் பூட்ட முடியும்?"

துணைத் தூதர் வந்தார். கெட்டவர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். அவளுக்கு எதிரே உட்கார்ந்து, தண்ணீர் வரவழைத்து, மெதுவான குரலில் விளக்கினார். துணைத் தூதரகத்துக்கு அடைக்கலம் கொடுக்கும் அதிகாரம் கிடையாது, சர்வதேசச் சட்டம் அதை ஏற்பதில்லை, இந்தியா நட்பு நாடு, உங்கள் விஷயத்தை மேலிடத்துக்கு நிச்சயம் தெரிவிப்போம், ஆனால் அலுவலகம் மூடும் நேரமாகிவிட்டது. தானாகப் போகாவிட்டால் உள்ளூர்ப் போலீஸின் உதவியைக் கேட்க வேண்டியிருக்கும் என்றும் அதே குரலில் சொன்னார். அவள் அறிக்கையை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதது போல் இருந்தார்.

பிறகு என்னைத் தனியே அழைத்தார். "நீங்கள் பேசிப் பாருங்கள். நீங்களும் ஒரு தாய். அவளைப் பதமாக வாசல் வரை கொண்டுபோய் விடுங்கள்."

சரி என்றேன். சொன்னதைச் செய்கிறவள் நான், என் அப்பாவும் அப்படித்தான். அவளுடைய தோளைத் தொட்டு எழுப்பினேன். முகம் கழுவிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். கழுவும் தொட்டி பக்கத்தில் இருந்தது தாய்மார் அறையில்தான். உள்ளே கூட்டிப் போனேன். என் மார்பு கனத்து, ரவிக்கை நனையத் தொடங்கியிருந்தது. பழக்கத்தில் தாழ்ப்பாளைப் போட்டேன். அந்த அறிவிப்பை எழுதியவள் நானேதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவளை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, நான் ஃபிரிட்ஜ் மேல் சாய்ந்து பம்பை மாட்டினேன். கர்ர், கர்ர் என்று அது இழுக்க ஆரம்பித்தது. அவள் பயந்து போய்ப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். எங்கள் ஊர் பழைய பஸ் இப்படித்தான் மேடு ஏறும் என்றாள். பெண் குழந்தையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

கதவைத் தட்டவில்லை. அதை ஒப்புக்கொள்ள வேண்டும், கடைசி வரை யாரும் தட்டவில்லை. நடையில் காலடிகள் வந்தன, நின்றன, கிசுகிசுத்தன. துணைத் தூதரின் குரல் தொண்டையைச் செருமியது.

"உங்களை வெளியே வரும்படி நான் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் ஆகும் என்றும் கேட்கவில்லை. அலுவலகம் மூடும் நேரம் வந்துவிட்டது என்ற தகவலை மட்டும் தெரிவிக்கிறேன்."

"தகவலுக்கு நன்றி சார்" என்றேன்.

கொஞ்சம் பொறுத்து, அந்த அறை பால் கொடுக்கும் தாய்மாருக்கு மட்டும்தானே என்று நினைவுபடுத்தினார். உதவிக்கு ஒருவர் உடன் இருக்கலாம் என்று நானும் நினைவுபடுத்தினேன். அந்த வரியைச் சேர்க்கச் சொன்னவர் அவர்தான். அவள் என்ன உதவி செய்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. அப்போது பாட்டிலைப் பிடித்திருந்தது அவள்தான், கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

வீரமாக இருந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.  வேலை போனால் என்ன செய்வது, போலீஸ் வந்தால் என் பெயர் எதில் ஏறும், குழந்தை இப்போது எழுந்திருக்குமா, வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தது ஒரு வேளைக்குத்தானே. இந்தப் பெண் சொல்வது பொய்யாக இருந்தால்? அந்த ஆட்கள் உண்மையிலேயே அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வந்தவர்களாக இருந்தால்? அந்தக் கேள்வியை அவளிடமே கேட்டுவிட்டேன். அவளுக்குக் கோபம் வரவில்லை. உங்கள் ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்ல அரசாங்கமா வரும் என்றாள்.

வீட்டுக்குப் போன் போட்டேன். என் கணவர் அன்று வீட்டிலிருந்தே வேலை செய்தார். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா கிளம்பிவிட்டிருந்தாள், பின்னால் அழுகை கேட்டது.

நடந்ததைச் சொன்னேன். 

"உனக்கு என்ன ஆச்சு? நீ போய் இதெல்லாம்... தெரு நாய் குரைச்சாலே எதிர் பக்கம் போறவ நீ."

"அவங்க வாசல்லயே நிக்கிறாங்க. இப்ப அனுப்பினா அவ்ளோதான்."

"அது அவங்க நாட்டுப் பிரச்சினை. நம்ம பாப்பா இங்க கத்துது. அது யார் பிரச்சினை?"

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். ஆனால் தாழ்ப்பாளைத் திறக்கவில்லை. "பாப்பாவ இங்கயே தூக்கிட்டு வாங்க" என்றேன். "வர்றதுக்கு முன்னாடி என் ஃபிரெண்டுக்குப் போன் பண்ணுங்க, அந்த லாயருக்கு."

"யாரு, அந்தச் சண்டைக்காரிக்கா?"

"அவளுக்கேதான்."

அந்தச் சண்டைக்காரி என்னோடு கல்லூரியில் படித்தவள். வெளிநாட்டுக் கைதிகளுக்காகவும் வாடகைக்குக் குடியிருப்போருக்காகவும் வழக்காடுகிறவள். எங்கள் கல்யாணத்தன்று மண்டபக்காரனோடு சண்டை போட்டுச் சாப்பாட்டு ஹாலின் மின்விசிறிகளை ஓட வைத்தாள். அதிலிருந்து என் கணவருக்கு அவளைக் கண்டால் பயம்.

பால் நின்றுவிட்டது. நான் பம்பை அணைக்கவில்லை. சத்தம் வெளியே கேட்க வேண்டும். காய்ந்த மார்பை அது இழுக்க இழுக்க வலித்தது. அந்தப் பெண் போதும் போதும் என்று சைகை காட்டினாள். எடுத்து மேசைமேல் வைத்து, காற்றில் ஓட விட்டோம். பிசியோதெரபி படிக்கிறவள், என் தோள்பட்டையில் முடிச்சுப் போட்டிருந்த இடத்தை விரலால் தேடிப் பிடித்து அழுத்தினாள். பிரசவத்துக்குப் பிறகு என்னை யாரும் அப்படித் தொட்டதில்லை.

என் கணவர் குழந்தையோடு வந்தபோது, செக்யூரிட்டி அண்ணன் அவரை நிறுத்தவில்லை. பால் குடிக்கிற பிள்ளைக்கு என்ன டோக்கன் போடுவது என்று கேட்டாராம். கதவைக் கொஞ்சமாகத் திறந்து குழந்தையை வாங்கினேன். நடையில் துணைத் தூதர், நிர்வாக அதிகாரி, இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவரும் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. என் கணவர் இடுக்கு வழியாக அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் எழுந்து நின்று வணக்கம் சொன்னாள்.  "சாப்பிட்டீங்களா?" என்றார் தமிழிலேயே. பிறகு பையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டைக் குழந்தையோடு சேர்த்து உள்ளே நீட்டினார்.

குழந்தை என் மேல் விழுந்து குடித்தது. அவ்வளவு இழுத்த பிறகு வராது என்று பயந்தேன். வந்தது.

வழக்கறிஞர் வந்ததும் வெளியில் பேச்சின் தொனி மாறியது. அவள் கேட்டது எளிமையானது. அடைக்கலம் எங்களுக்கு வேண்டாம். காலையில் ஐகோர்ட்டில் மனுப் போடுவேன், நீதிமன்றம் சொல்லும்வரை இந்தப் பெண்ணை நாட்டைவிட்டு யாரும் அனுப்பக் கூடாது என்று கேட்பேன். அதுவரை இவள் பத்திரமாகப் போய்ச் சேர ஓர் இடம் என்னிடம் இருக்கிறது. அங்கே போக உங்கள் கார் வேண்டும்.

கார் கொடுக்க முடியாது என்றார் துணைத் தூதர். ஆட்டோ வரவழைக்கிறேன், வாடகைக் காருக்கு ஏற்பாடு செய்கிறேன். தூதரகக் காரில் அவள் போனால் எங்கள் நாடு ஒரு நிலை எடுத்ததாக ஆகிவிடும், அதை முடிவு செய்ய வேண்டியது நான் அல்ல, எங்கள் நாட்டுத் தலைநகரம். தில்லியிலுள்ள தங்கள் தூதரகத்துக்குப் பேசினார். தில்லி தலைநகரத்தைக் கேட்கச் சொன்னது. தலைநகரத்தில் அப்போது மதியம், யாரோ சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள்.

அதைக் கேட்டபோது எனக்குள் என்னவோ அறுந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவை முழுக்கத் திறந்தேன். அந்த அலுவலகத்தில் அதுவரை நான் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. அப்போதும் உயர்த்தவில்லை.

"நிலை எடுத்தாயிற்று சார்" என்றேன். "அவர்கள் பக்கம் நிற்கிறோம் என்று எடுத்தீர்கள். நான் இரண்டு மொழியில் எழுதினேன். யாரும் சாப்பிட்டுவிட்டு வரும்வரை காத்திருக்கச் சொல்லி அதில் இல்லை. கார் வரும்வரை நான் இந்த அறையில்தான் இருப்பேன். இது தூங்கும், எழுந்திருக்கும், மறுபடி குடிக்கும். எனக்கு நேரம் இருக்கிறது."

மறுபடி தாழ்ப்பாளைப் போட்டேன். உள்ளே வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். தவறாகப் பேசிவிட்டேனோ, மரியாதை இல்லாமல் போய்விட்டதோ என்று அப்போதே ஆரம்பித்துவிட்டது மனசு. வெளியே என் தோழி யாரையோ பார்த்து, "கேட்டீங்க இல்ல?" என்று சொல்வது மட்டும் காதில் விழுந்தது.

கார் வந்தது. கொடியைக் கழற்றிவிட்டுத்தான் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஆனால் தூதரகக் கார்களுக்கே உரிய நீல நம்பர் பிளேட்டைக் கழற்ற முடியாது. பின்சீட்டில் அந்தப் பெண், என் தோழி, மடியில் குழந்தையோடு நான். யாரும் கேட்காமலே துணைத் தூதர் முன்கதவைத் திறந்து டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் கணவர் பின்னாலேயே ஆட்டோவில் வந்தார். கேட்டருகில் செக்யூரிட்டி அண்ணன் அவளுடைய போனை ஜன்னல் வழியாகக் கொடுத்தார். "இப்பதான் நின்னுச்சு மேடம்" என்றார். எதிரில் இருந்த வாடகைக் கார் விளக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பியது. எங்கள் பின்னால் வந்தது. டிரினிட்டி சர்க்கிள் சிக்னலில் பக்கத்தில் வந்து நின்றது. இளநீர் குடித்த அந்த ஆள் கண்ணாடியை இறக்கினார், நீல பிளேட்டைப் பார்த்தார், முன்சீட்டில் இருந்தவரைப் பார்த்தார். துணைத் தூதரும் கண்ணாடியை இறக்கி அவரைத் திரும்பிப் பார்த்தார். பச்சை விழுந்ததும் அந்தக் கார் வேறு பக்கம் திரும்பிவிட்டது. அந்தப் பெண் என் மகளின் பாதத்தைப் பிடித்திருந்தாள். விடவேயில்லை.

என் தோழி சொன்ன இடத்தில் அவளை விட்டுவிட்டு வந்தோம். மனுவை நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. அவளை அனுப்பக் கூடாது என்று இடைக்கால உத்தரவு கிடைத்தது. வழக்கு இன்னும் நடக்கிறது.

எனக்கு ஒரு மெமோ வந்தது. அலுவலக வசதியைத் தவறாகப் பயன்படுத்தியதற்கு வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுத்தால் விஷயம் முடிந்துவிடும் என்றார்கள். எழுத உட்கார்ந்தேன். வருத்தம் தெரிவிப்பதில் என்னைப் போலக் கைதேர்ந்தவர் யார்? தெருவில் என் காலை மிதித்தவரிடம் நான் சாரி கேட்கிறவள். ஆனால் அன்றைக்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை. நான் பயன்படுத்தியது சரி என்று எழுதிக் கொடுத்தேன். ஒப்பந்தத்தை அவர்கள் நீட்டிக்கவில்லை. துணைத் தூதர் வாசல் வரை வந்து கை கொடுத்தார். இப்போது ஒரு மருத்துவமனையில் நோயாளிகளுக்கு மொழிபெயர்க்கிறேன். செய்தது சரிதானா என்று இன்னமும் சில நாள் கேட்டுக்கொள்வேன். சரிதான் என்று பதில் வரும். மறுநாள் மறுபடி கேட்பேன்.

அந்த வேலை போன கொஞ்ச நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஈஜிபுரா வீட்டின் மாடிப்படியேறி இரண்டு பேர் வந்தார்கள். நல்ல சட்டை, கையில் இனிப்புப் பெட்டி. ஒருவரை எனக்குத் தெரியும், அன்று காரில் இளநீர் குடித்தவர். கீழே கறிக்கடையில் கூட்டமாக இருந்தது, எதிர்வீட்டம்மா பைப்படியில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் குடும்பம் கவலைப்படுகிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார்கள். ஆழ்ந்த கவலை என்றே சொன்னார்கள். அவள் தங்கியிருக்கும் இடம் தெரிந்தால் அம்மாவிடமிருந்து ஒரு பொருளைச் சேர்க்க வேண்டும், உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்கள்.

குழந்தை என் இடுப்பில் இருந்தது. என் கணவர் உள்ளிருந்து வந்து பின்னால் நின்றார்.

"தெரியும்" என்றேன். "சொல்ல மாட்டேன்."

இளநீர் குடித்தவர் சிரித்தார். இனிப்புப் பெட்டியை நீட்டினார். நான் வாங்கவில்லை. அவர்கள் போகவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். என் கணவர் முன்னால் வந்து கன்னடத்தில் உரக்க, எதிர்வீட்டம்மாவுக்கும் கறிக்கடைக்கும் கேட்கும்படி, யார் நீங்கள், என்ன வேண்டும் என்று கேட்டார். கடையில் நான்கு தலைகள் மேலே நிமிர்ந்தன. அவர்கள் படியிறங்கினார்கள்.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு என் கணவர் என் பக்கம் திரும்பினார். 

"தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல? அதோட முடிஞ்சிருக்கும்."

சொல்லியிருக்கலாம். அன்று முழுதும் அதையே யோசித்தேன். தெரியாது என்பதுதான் புத்திசாலித்தனம், பாதுகாப்பும் அதில்தான். ஆனால் அந்த ஆளின் எதிரில் நின்றபோது, தெரியும் என்பதை அவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு இருந்தது. அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி ஈஜிபுராவில், கறிக்கடைக்கு மேல் மாடியில், கைக்குழந்தையோடு இருக்கிறாள். வந்து கேட்கட்டும்.